மூக்கைப் பிடித்தால் மூச்சு வரும் இடம்

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வுக்கூடத் தலைவர் ஐயா அவர்களே, அருகில் இருக்கும் பேராசிரியப் பெருமக்களே, டாக்டரம்மாவின் அக்கா அவர்களே, டாக்டரம்மா பெற்ற செல்வமே, நாற்காலி போதாமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் என் கனவுச் சகாக்களே! உங்களில் பாதிப் பேரை நான் இன்றைக்குத்தான் கண் திறந்த நிலையில் பார்க்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போர்வையும் வயருமாகக் கிடந்த உங்களைத்தான் எனக்குப் பழக்கம். பச்சைப் போர்வைக்காரர் இவ்வளவு உயரம் என்பதே இப்போதுதான் தெரிகிறது. எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கையில் தாள் எதுவும் இல்லை. ஆனால் கேட்டதும் பார்த்ததும் எனக்கு மறக்காது. அதை அப்படியே சொல்கிறேன்.

செய்தி வந்தபோது நான் வெளியே கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். போன் செய்தவர் நம் வயர் தம்பி. எங்கள் தலையிலும் கன்னத்திலும் வயர் ஒட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர். தலை நரைத்துவிட்டது, இருந்தாலும் எங்களுக்கு அவர் தம்பிதான். "அம்மா போயிட்டாங்கண்ணே" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாயை இறுக்க மூடி, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து, மூச்சை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. விட்டுவிட்டு மறுபடியும் பார்த்தேன். வரவில்லை. அந்தப் பக்கமும் சத்தமே இல்லை.

"தம்பி, நீங்களும் பிடிச்சுப் பார்க்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்துட்டேண்ணே. உங்களுக்கு அடிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்" என்றார்.

வெளியிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு இது என்ன கூத்து என்று தோன்றும். கனவு கண்டுகொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துகொள்வது சிலருக்கு வாய்க்கும். அந்தத் தெரிந்த கனவைத்தான் டாக்டரம்மா தம் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். சரி, கனவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் நிஜம் போலத்தானே இருக்கும்? அதற்கு அவர் சொல்லிக்கொடுத்த வழிதான் மூக்கு. கனவில் மூக்கை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் மூச்சு தாராளமாக வரும். பிடிப்பது கனவு விரல். கட்டிலில் கிடக்கிற நிஜ மூக்கை யார் பிடித்தார்கள்? பகலில் அடிக்கடி பிடித்துப் பார்த்துப் பழகினால், அந்தப் பழக்கம் ஒருநாள் கனவுக்குள்ளும் கூடவே வந்துவிடும். வந்தால் பிடித்தோம், மூச்சு வந்தது, கனவு என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

அதனால் ஆய்வுக்கூடத்து வாசலைத் தாண்டும் யாரும் ஒரு தடவை மூக்கைப் பிடித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது டாக்டரம்மா போட்ட சட்டம். தண்ணீர்க் குழாய் பார்க்க வந்த ஒருவர், வருகிறவர் போகிறவர் எல்லாம் மூக்கைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ நாற்றம் என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் கழிவறைப் பக்கம் போய்ச் சாக்கடை மூடிகளையெல்லாம் திறந்து வைத்துவிட்டார். அன்றைக்கு நிஜமாகவே எல்லோரும் மூக்கைப் பிடித்தோம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை வேறு. நான் கிரேன் ஓட்டியவன். கட்டடம் கட்டுகிற இடத்தில், உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்குமே, அதற்குள் உட்கார்ந்து இரும்பும் சிமெண்டும் தூக்கியவன். எங்கள் கம்பெனி டாக்டர் ஒருமுறை தூக்கம் எப்படி என்று கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன், கனவில் வேலை வந்தால் கனவுதானே என்று கூண்டை விட்டு இறங்கிக் காற்றிலேயே நடந்து போய்விடுவேன் என்றேன். சின்ன வயதிலிருந்து எனக்கு அப்படித்தான். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தார். வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஊர்ல எல்லாரையும் வேலைக்குக் கூப்பிடுறாங்க. உங்களை மட்டும்தான் தூங்கக் கூப்பிடுறாங்க. அதையாவது ஒழுங்கா பண்ணிட்டு வாங்க" என்றாள்.

டாக்டரம்மாவின் அறையில் மேசையைவிடக் கட்டில்தான் பெரிது. நான் சொன்னதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்.

"எனக்கு இதுவரைக்கும் ஒரு தடவைகூட வந்ததில்லைண்ணே."

"நீங்க படிச்ச படிப்புல அதுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?"

"இருந்தா உங்களை எதுக்குக் கூப்பிடுறேன்?"

இப்படிச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பயம் போய்விட்டது.

அன்றைக்கே விளக்கிச் சொன்னார். கனவு வரும் தூக்கத்தில் உடம்புக்கு ஒரு பூட்டு விழுகிறதாம். கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாது என்று மூளையே போடுகிற பூட்டாம் அது. கை, கால், நாக்கு எதுவும் அசையாது. கண்ணுக்கு மட்டும் பூட்டு இல்லை. கனவில் இடது பக்கம் பார்த்தால், மூடிய இமைக்குள் நிஜக் கண்ணும் இடது பக்கம் திரும்பும். ஆகவே, கனவு என்று தெரிந்த உடனே இடம் வலம் இடம் வலம் என்று கண்ணை ஓட்ட வேண்டும். வெளியே மெஷினில் அது கோடாக விழும். மூளையின் கோடு தூக்கம் என்று சொல்ல வேண்டும், தசையின் கோடு அசைவில்லை என்று சொல்ல வேண்டும், கண்ணின் கோடு மட்டும் ‘இதோ இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும்.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. கூண்டில் இருப்பவனோடு யார் பேச முடியும்? கீழே நிற்பவர் கை காட்டுவார், நான் பார்த்து இயக்குவேன். இங்கே நான் உள்ளே, அவர் வெளியே. கைக்குப் பதில் கண். வேறென்ன?

என் கண் முதன்முதலாகக் கோடு போட்ட காலையில் டாக்டரம்மா கைதட்டவில்லை. தூங்குகிறவன் விழித்துவிடுவான் என்று, தம் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு குதித்தாராம். தம்பி சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் கணக்குக் கேட்க ஆரம்பித்தார். தூங்குகிற என் புறங்கையில் இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னும் இரண்டு தட்டு. கனவில் எனக்கு அது கூண்டுக் கண்ணாடியில் யாரோ விரலால் தட்டுவது போல வந்தது. கூட்டிப் பார்த்துக் கண்ணால் பதில் சொன்னேன். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன் தூக்கத்தில் கணக்குப் போட்டேன் என்றால், அந்தப் பெருமை யாருடையது?

அவரிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. வெளியே இருந்த ஆராய்ச்சிக்காரர்கள் பலர், ‘அந்த ஆள் விழித்திருந்துதான் கண்ணை ஆட்டியிருப்பார்’ என்று எழுதினார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. தாம் எடுத்த கோடுகளை அவர்களைவிடக் கடுமையாகப் பார்ப்பார். தாடைத் தசை ஒரு துளி அசைந்திருந்தாலும், மூளைக் கோட்டில் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தாலும், "இது தள்ளுபடி" என்பார். வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்ததாக இருக்கும். தம்பியின் முகம் தொங்கிப்போகும். "நமக்கு வேணும்னு நாம நினைக்கிறதாலேயே அது உண்மையாயிடாது தம்பி" என்பார். இப்படி ஒரு கை, தன் பக்கத்துத் தராசை இவ்வளவு நேராகப் பிடித்த கை, இனி நமக்குக் கிடைக்குமா?

அந்தக் கையிலிருந்துதான் முதலில் பேனா நழுவியது.

பிறகு படியேறும்போது கால் பின்னியது. பேச்சில் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. தசையை ஆட்டுகிற நரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடுகிற நோய் அது. அறிவுக்கு ஒன்றும் ஆகாது. ஒருநாள் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து அவரே சொன்னார். "நீங்க எல்லாரும் தூங்கிப் போயிட்டு வர்ற இடத்துக்கு, நான் முழிச்சுக்கிட்டே போகப்போறேன். பூட்டு விழும். கண்ணு மட்டும் மிச்சம் இருக்கும். பேசுறதுக்கு நம்மகிட்டதான் வழி இருக்கே" என்றார். தம்பி கையிலிருந்த ஒட்டுநாடாவைச் சுற்றிச் சுற்றித் தம் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்.

சொன்னது போலவே ஆயிற்று. பேச்சு நின்ற பிறகு, மகள் ஒரு பலகையில் எழுத்துகளை வரிசையாகக் காட்டுவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அம்மாவின் கண் நிற்கும். என்னிடம் அந்தப் பலகை செல்லாது. எனக்கென்று ஒரு வழி வைத்தார். வலது பக்கம் பார்த்தால் ஆமாம், இடது பக்கம் பார்த்தால் இல்லை. எத்தனையோ காலைகள் அவர் வெளியே உட்கார்ந்து கேட்டார், நான் உள்ளே படுத்துக் கண்ணால் சொன்னேன். இப்போது அவர் படுத்திருந்தார், நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மகள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். தினமும் கனவில் நடக்கிறேன். நடந்தது விழித்த பிறகுதான் தெரிகிறது. அப்போது பார்த்தால் கட்டில். நடக்கும்போதே தெரிய வேண்டும். ஒரு தடவை போதும்.

இதைக் கேட்டுவிட்டு நாங்கள் சும்மா இருப்போமா? தம்பி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு மெஷினை எடுத்துக் காரின் பின்பக்கம் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். தலைவர் ஐயா, இந்தச் செய்தி உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது என்றால் மன்னிக்க வேண்டும். முன்பே தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தீர்கள் என்றால் உங்களைக் கும்பிட வேண்டும். ஐயா சிரிக்கிறார். அப்படியானால் கும்பிடுகிறேன்.

மெஷின் அவர் படுக்கையறைக் கண்ணாடி மேசையில் ஏறியது. சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் ஜன்னல் விளிம்புக்குப் போயின. அலமாரிக் கைப்பிடியில் வயர்களைச் சுற்றித் தொங்கவிட்டார் தம்பி. விடியும் நேரத்துத் தூக்கத்தில்தான் கனவு நீண்டு வரும். அதனால் நானும் அந்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். காலைகள் வந்தன, போயின. கோடுகள் ஓடின. கண்கள் கனவில் எதையெதையோ பார்த்து அலைந்தன. இடம் வலம் இடம் வலம் மட்டும் வரவில்லை.

ஒருநாள் வந்தது. நாங்கள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இமைகள் லேசாகத் திறந்தன. கண் இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, மறுபடி இடது, மறுபடி வலது. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி மட்டும் மெஷினைப் பார்த்தபடி நின்றார். மூளையின் கோடு விழிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அவர் கண் விழித்திருக்கிறார். பார்த்தால் எதிரே ஆளுக்கொரு பக்கம் நாங்கள், அதுவும் நான் அன்றைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஆடாமல் அசையாமல் அவரையே முறைத்துக்கொண்டு நிற்கிறோம். நிஜத்தில் யார் இப்படி நிற்பார்கள்? கனவுதான் என்று நினைத்துச் சைகை கொடுத்துவிட்டார். கனவை ஆராய்ந்தே ஆயுளைக் கழித்த வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு.

சொல்வதா வேண்டாமா என்று தம்பி தவித்த தவிப்பு எனக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் ஆசை தீர்ந்தது என்று விட்டுவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவரிடம் வேலை கற்றவரல்லவா தம்பி? பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "அம்மா, நீங்க முழிச்சுதான் இருந்தீங்க" என்றார். நான் குனிந்து, தள்ளுபடியாம்மா என்று கேட்டேன். கண் உடனே வலது பக்கம் போனது. அன்றைக்கு நாங்கள் மூவரும் அழுதோம். அவர் கண்ணில் மட்டும் சிரிப்பு இருந்தது.

அப்புறம் பலகையைக் கேட்டார். ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று நீண்ட நேரம் ஆனது. மகள் படித்தாள்: என் மூக்கை யார் பிடிப்பது?

எங்கள் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. எங்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொடுத்தவர். அவர் கை படுத்துவிட்டது. கனவா நிஜமா என்று அவர் எதை வைத்துப் பார்ப்பார்?

அன்றிலிருந்து மகள் பிடித்தாள். பார்த்துக்கொண்ட டாக்டரிடம் கேட்டு, ஒரு நொடிக்கு மேல் கூடாது என்ற கட்டளையோடு பிடித்தாள். மருந்து கொடுக்கும் முன் ஒரு தடவை, தலை சீவிவிட்டு ஒரு தடவை, டிவி பார்க்கும்போது ஒரு தடவை. உள்ளங்கையால் வாயை மெல்ல மூடி, மறுகை விரலால் மூக்கைப் பிடித்து, "அம்மா, மூச்சு வருதா?" என்று கேட்பாள். அம்மாவின் கண் இடது பக்கம் போகும். "அப்போ முழிச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுப்பாள்.

இப்படி ஒரு நாள் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் இங்கே அமர்ந்திருக்கும் அக்கா அவர்கள், ஒரு கூடைப் பழத்தோடு அறைக்குள் வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது என்ன? படுத்த படுக்கையாகக் கிடக்கும் தங்கச்சி. அவள் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு பெற்ற மகள். காவலுக்கு நிற்பது போல நான். பழம் உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று.

"அடிப்பாவி! பெத்தவளை என்னடி பண்றே?"

"பெரியம்மா, அம்மாதான் சொன்னாங்க..."

"வாயே திறக்க முடியாதவ உன்கிட்ட வந்து சொன்னாளா? யோவ், நீயெல்லாம் ஒரு பெரிய மனுஷன், பார்த்துக்கிட்டு நிக்கிறே?"

அக்கா அவர்களே, அன்றைக்கு உங்கள் கைப்பையால் என் முதுகில் விழுந்த அடி நியாயமான அடி. நான் குறை சொல்லவே மாட்டேன். விஷயம் விளங்கியதும் நீங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து, தங்கச்சி முகத்தைப் பார்த்து, "நிஜமாவே நீதான் சொன்னியாடி?" என்று கேட்டீர்கள். கண் வலது பக்கம் போனது. "சின்னதுல நான் உன் மூக்கைப் பிடிச்சா மட்டும் அம்மாகிட்ட சொல்லிக்குடுப்பே" என்றீர்கள். பிறகு நீங்களும் ஒரு தடவை பிடித்துவிட்டீர்கள். அந்தக் கண்ணின் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இன்னொரு காலை வந்தது. நாங்கள் கட்டிலைச் சுற்றி நிற்பதை எப்போதோ விட்டிருந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆளுக்கொரு டீ டம்ளரைப் பிடித்திருந்தோம். தம்பி டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். மகள் அவர் சட்டைக் கையைப் பற்றினாள். மூளையின் கோடு தூக்கம் என்றது. தசையின் கோடு அசைவில்லை என்றது. கண்ணின் கோடு எழுந்தது. இடம். வலம். இடம். வலம்.

கனவு என்று தெரிந்த சந்தோஷத்திலேயே பாதிப் பேர் விழித்துவிடுவார்கள் என்று டாக்டரம்மா எங்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! சந்தோஷத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கனவில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருங்கள், கனவு கலையாமல் நிற்கும் என்பார். அவர் விழிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சைகை வந்தது. நின்றிருக்கிறார். உள்ளே நின்றிருக்கிறார் எங்கள் அம்மா!

தாமாக விழித்ததும் மகள் முதலில் மூக்கைப் பிடித்தாள். மூச்சு வரவில்லை என்றது கண். அப்புறம் நான் போய் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுதாம்மா?" ஆமாம் என்றது கண்.

"நடந்தீங்களா?" இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஓடினீங்களா?" இல்லை. "பறந்தீங்களா? நாங்க எல்லாரும் முதல்ல பறக்கத்தானே செய்வோம்?" இல்லை.

"நடக்கணும்னுதானே கேட்டீங்க. பின்ன என்னதாம்மா பண்ணீங்க?"

ஆமாம் இல்லை என்று அதற்குப் பதில் சொல்ல முடியாதே. மகள் பலகையை எடுத்துவந்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். பாதியிலேயே அவள் குரல் உடைந்துவிட்டது. மீதியைத் தம்பிதான் படித்தார். கனவில் மகள் வந்து எப்போதும் போல மூக்கைப் பிடித்திருக்கிறாள். மூச்சு வந்திருக்கிறது. கனவு என்று தெரிந்ததும் குனிந்து பார்த்தால் இரண்டு கையும் அசைகின்றன. நடப்பது மறந்துபோயிற்று.

‘கையை நீட்டி உன் மூக்கைப் பிடித்தேன்.’

அவ்வளவுதான் பலகையில் இருந்தது.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேர்த்துக்கொள்ளலாமா அம்மா என்று கேட்டார். வலது பக்கம். அந்தக் கோடு இப்போது எங்கள் கோடுகளோடு சேர்ந்துவிட்டது. ஆய்வுப் பதிவில் எங்களுக்குப் பேர் கிடையாது, எண்தான். அவருக்கும் ஓர் எண்தான். அதற்கப்புறம் இன்னொன்று வந்ததா என்று கேட்கிறீர்களா? வரவில்லை. ஒரு தடவை போதும் என்று கேட்டார். ஒரு தடவை வந்தது.

பெரியோர்களே, எனக்கு வயதாகிவிட்டது. கிரேனை விட்டு இறங்கி வெகுகாலம் ஆயிற்று. ஆனால் படுக்கத் தெரியும், கனவு காணத் தெரியும். அந்த அறை பூட்டப்படாது என்று தலைவர் ஐயா சற்றுமுன் வாக்குக் கொடுத்தார். இனி டாக்டரம்மாவின் நாற்காலியில் தம்பி உட்காருவார். கட்டிலில் நான் படுப்பேன், என் சகாக்கள் படுப்பார்கள். பூட்டு விழுந்த உடம்புக்குள்ளிருந்து கண்ணால் பேசுவதை இன்னும் நன்றாகக் கற்போம். அவரைப் போல விழித்துக்கொண்டே பூட்டுக்குள் கிடப்பவர்களுக்கு அது உதவும் வரைக்கும் கற்போம். சந்தேகம் வந்தால் தள்ளுபடி செய்வோம். இது நாங்கள் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

இந்த இடத்தில் எல்லோரையும் எழுந்து மௌனமாக நிற்கச் சொல்வார்கள். நிற்போம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் ஐயா, நீங்களும்தான்.

மூச்சு வருகிறதா?

எனக்கும் வரவில்லை. அப்படியானால் விழித்துத்தான் இருக்கிறோம். நடந்தது நடந்ததுதான். விட்டுவிடுங்கள், உட்காருங்கள்.

பாப்பா, உனக்கு மட்டும் ஒரு வார்த்தை. நீ தினமும் பிடித்துப் பார். இன்றைக்கு வராது, நாளைக்கும் வராது. என்றைக்காவது ஒரு விடியற்காலையில் மூக்கைப் பிடிப்பாய், மூச்சு வரும். அப்போது அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே, விழித்துவிடுவாய். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நில். திரும்பிப் பார். அங்கே அம்மாவுக்குக் கை நன்றாக இருக்கும்.

முகத்தைக் கொஞ்சம் குனிந்து கொடு.